சித்தப்பாவும் சிறுவர் புத்தகங்களும்: சென்னைக் குறிப்புகள்

வியாழன், எழும்பூர்

அன்றன்று ராத்திரி லாட்ஜ் அறையில் உட்கார்ந்து போனில் தட்டுகிற குறிப்புகள் இவை. சித்தப்பா தூங்கிய பிறகுதான் எழுத முடியும். அதனால் ஒரு நாள் நீளும், ஒரு நாள் சட்டென்று நின்றுவிடும்.

முதலில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவகாசிக்காரர். வெளியுறவுப் பணியில் சேர்ந்து லிஸ்பன், மாஸ்கோ, டோக்கியோ, மியூனிக், லண்டன் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் கம்பளமும் பீங்கானும் கொண்டுவந்து இறக்கினார்கள். இவருடைய சாமான்களோடு கப்பலில் வந்தது அத்தனையும் குழந்தைப் புத்தகம். எல்லாம் பழசு, பாதிக்கு அட்டை கிடையாது. எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் முதல் வாரத்திலேயே அந்த ஊர் ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை வாங்கிவிடுவாராம். மொழி கற்றுக்கொள்ளத்தான் ஆரம்பித்தார். போகப் போக அதிலேயே ஊறிவிட்டார். "ஒரு அரசாங்கம் அடுத்த நாட்டுக்காரனிடம் என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்ள அறிக்கை இருக்கிறது. வீட்டுப் பிள்ளையிடம் என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்ள அரிச்சுவடியைத்தான் பார்க்க வேண்டும்" என்பார். எங்கள் குடும்பத்தில் இதைக் கேட்காத கல்யாண வீடு கிடையாது.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கிறேன். காகிதம், மை, பைண்டிங் தெரியும், இலக்கியம் தெரியாது. அதற்காகத்தான் உன்னைக் கூட்டிப் போகிறேன் என்கிறார் சித்தப்பா. பெட்டி தூக்க ஆள் வேண்டாமா என்கிறார் சித்தி. வந்த காரியம், சித்தப்பாவின் சேகரிப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று பார்ப்பது. மாடி முழுக்கப் புத்தகம், புத்தகம் முழுக்கப் பூச்சி. தீபாவளிக்குள் மாடி காலியாக வேண்டும் என்று சித்தி சொல்லியாயிற்று.

பொதிகையில் வந்து எழும்பூரில் இறங்கினோம். ஓட்டலுக்குப் போகலாம் என்றால் கேட்டால்தானே. ஸ்டேஷன் வாசலிலேயே நின்று ஆண்ட்ரூ பெல் கதையை ஆரம்பித்துவிட்டார். பெல் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-லிருந்து இந்த எழும்பூரில் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தைக் கவனித்துக்கொண்டார். ஒருநாள் குதிரையில் போகும்போது வழியில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். அதைத் தன் இல்லத்தில் செய்து பார்க்கச் சொன்னார், ஆசிரியர்கள் முறைத்தார்கள். சரி என்று ஃபிரிஸ்கின் என்கிற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது நடந்துவிட்டது. 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். அப்புறம் இங்கிலாந்துப் பள்ளிகளில் 'மதராஸ் முறை' என்றே அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மதராஸ் கல்லூரி என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது. அது 1833-ல் ஆரம்பித்தது.

"மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது புதுசா சித்தப்பா? நம் ஊரில் சட்டாம்பிள்ளை இருந்தாரே?" என்றேன்.

"அதைத்தானப்பா சொல்கிறேன். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி எல்லாம் காதில் கேட்டு, மணலில் எழுதி, கையால் அழித்த படிப்பு. ஓலைச் சுவடி வாத்தியாரிடம் இருக்கும். பிள்ளை கையில் என்ன இருந்தது? மணல். அதை எந்த அலமாரியில் சேர்த்துவைப்பது?"

சேகரிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய ஆற்றாமை வேறு என்ன. அதற்குள் எனக்குப் பசி கண்ணை மறைத்தது. பொங்கலும் வடையும் வந்த பிறகு பெல் துரை ஒருவழியாக விடைபெற்றார்.

வெள்ளி, தரமணி

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அடையாறு தாண்டியதும் ஆட்டோ நின்று நின்று போனது. சென்னைக்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

ரோஜா முத்தையா செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சான காகிதம் எதுவானாலும் எடுத்துவைத்தவர். 1992-ல் இறந்தார். அவர் சேர்த்ததைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கினாலும் கப்பலேற்றவில்லை. 1994-ல் சென்னைக்குக் கொண்டுவந்து அதை வைத்தே நூலகம் அமைத்தார்கள். சித்தப்பா வியந்து போவது அந்தக் 'கப்பலேற்றவில்லை' என்ற இடத்தில்தான். இவர் தொழிலில் பார்த்ததெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவர்களைத்தான்.

"பண்டிதர்கள் காவியத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, போர்டு எழுதுகிறவர் கண்ணுக்குத்தானே ஓரணாப் புத்தகம் தெரிந்திருக்கிறது?" என்றார் உள்ளே நுழையும்போது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். ஓர் ஆராய்ச்சி மாணவி தலை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

அறுபது எழுபது வருஷத்துக்கு முந்திய சிறுவர் பத்திரிகைகள் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தோம். கேட்டதில் சில வந்தன. இங்கேதான் எனக்கு வேலை. கிரவுன் அளவு, மட்டமான நியூஸ்பிரின்ட், நடுவில் இரண்டு பின். பின் துருப்பிடித்து அதைச் சுற்றிக் காகிதம் காப்பிப் பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் அந்த இடத்தில் பொத்துக்கொண்டு பக்கம் தனியாக வந்துவிடும். அட்டை இரண்டு கலர். சிவப்பு பிளாக் ஒரு நூல் அளவு தள்ளி விழுந்திருக்கிறது, அதனால் அட்டையிலுள்ள பையனுக்கு உதடு கன்னத்தில் இருக்கிறது. எங்கள் அச்சகத்தில் இப்படி வந்தால் முதலாளி தாள் கட்டைத் தூக்கி எறிவார். அன்றைக்கு எந்தப் பிள்ளையும் அதைப் பொருட்படுத்தியிருக்காது என்று நினைக்கிறேன்.

சித்தப்பா சின்னப் பையனாக இருந்த காலம் சிறுவர் பத்திரிகைகளுக்குப் பொற்காலம். அணில், டமாரம், டிங்டாங், ஜில் ஜில் என்று பெயரைச் சொல்லும்போதே வாய் கொண்டாடுகிறது. கலைமகள் அலுவலகத்திலிருந்து ஆர்வி ஆசிரியராக இருந்து நடத்திய கண்ணன் வந்தது 1950-ல். குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்ததும் அதே வருஷம். அதற்கு முன்னால் நின்றவர் அழ. வள்ளியப்பா. அவர் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம் ராயவரம், வேலை இந்தியன் வங்கியில். 1944-ல் 23 பாட்டுகளோடு முதலில் வந்த 'மலரும் உள்ளம்' அவருடையதுதான். பகலில் பேரேடு, ராத்திரியில் குழந்தைப் பாட்டு. போர்டு எழுதுகிறவர் சேர்த்தார், வங்கிக்காரர் எழுதினார். பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சித்தப்பா ராத்திரி முழுக்கப் பேசுவார்.

பையிலிருந்து சித்தப்பா ஒரு ஜப்பானியப் புத்தகத்தை எடுத்து அங்கிருந்தவர்களிடம் காட்டினார். டோக்கியோவில் வாங்கியது. ஹாசெகாவா தாகெஜிரோ என்ற பதிப்பாளர் 1885-லிருந்து ஜப்பானியக் குழந்தைக் கதைகளை ஆங்கிலத்தில் போட்ட வரிசையைச் சேர்ந்தது. காகிதம் துணி மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருக்கிறது. மரக்கட்டையில் படம் செதுக்கி, பல நிறத்தில் அச்சடித்து, அதன் பிறகு தாளை அழுத்திச் சுருக்குவார்கள். அச்சான படம் தாளோடு சேர்ந்து சிறுத்துப் போகும். நிறம் அடர்ந்து வரும். நான் விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் வருஷம் ஆகியும் மடித்த இடம் ஒடியவில்லை. நம் மேசையில் கிடந்த பத்திரிகைக்கு அதில் பாதி வயதுதான், திருப்பினால் விளிம்பு உதிர்கிறது. அந்த ஜப்பானியப் புத்தகம் வெளிநாட்டுப் பயணிகள் வாங்கிப்போகச் செய்தது, காசு கூட. நம்முடையது ஓரணா இரண்டணாவுக்குச் சிவகாசிப் பையன் வாங்கப் போட்டது. காகிதத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சித்தப்பா ஆஸ்போர்ன் கதையைச் சொன்னார். எட்கர் ஆஸ்போர்ன் இங்கிலாந்தில் டெர்பிஷயரில் நூலகர். மனைவியும் அவரும் சேர்ந்து பழைய குழந்தைப் புத்தகம் சேர்த்தார்கள். 1934-ல் டொராண்டோ போனபோது அங்கே குழந்தைகளுக்கென்றே நூலகம் நடத்திவந்த லில்லியன் ஸ்மித்தின் வேலை இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மனைவி இறந்த பிறகு, 1949-ல், ஏறக்குறைய 2,000 புத்தகங்களை ஆஸ்போர்ன் டொராண்டோ பொது நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். அதே 1949-ல்தான் மியூனிக்கில் ஜெல்லா லெப்மன் என்ற அம்மாள் பன்னாட்டு இளைஞர் நூலகத்தை ஆரம்பித்தார். யுத்தத்தில் இடிந்த ஊரில், பல நாடுகளிடம் குழந்தைப் புத்தகம் கேட்டு வாங்கி வைத்தவர். இப்போது அது புளூட்டன்பர்க் என்ற பழைய கோட்டையில் இருக்கிறது. மியூனிக்கில் இருந்தபோது சித்தப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே கழிந்தன என்று சித்திக்கு இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது.

"அப்படியென்றால் மியூனிக்குக்கே கொடுத்துவிடுங்களேன் சித்தப்பா."

"அங்கே இல்லாததாக என்னிடம் என்ன இருக்கிறது? ஜெர்மன்காரனுக்கு ஜெர்மன் புத்தகத்தையா கொண்டுபோய்க் கொடுப்பது?"

சனி, கன்னிமரா

சின்னக் குறிப்புதான். கன்னிமரா பொது நூலகம் 1896-ல் திறந்தது. பழைய கட்டடத்தைக் கட்டியவர் ஹென்றி இர்வின். நாங்கள் வந்து இறங்கிய எழும்பூர் ஸ்டேஷனிலும் அவருக்குப் பங்குண்டு. 1954-ல் வந்த சட்டப்படி நாட்டில் அச்சாகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பிரதி இங்கே வந்தாக வேண்டும். வந்தாக வேண்டும் என்பது சட்டம். குழந்தைப் புத்தகம் போடுகிற சின்னப் பதிப்பாளர் தபால் செலவு பார்த்துச் சும்மா இருந்துவிடுவார் என்பது எனக்குத் தெரிந்த நடைமுறை. நானே அவர்களுக்கு பில் போட்டிருக்கிறேன்.

மரத்தடியில் உட்கார்ந்து சித்தப்பா சொன்ன விஷயம்தான் இன்றைய லாபம். 1867-ல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டது. எந்த அச்சகம் எதை அச்சடித்தாலும் அரசுக்குப் பிரதி கொடுக்க வேண்டும், விவரம் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த விவரம் பட்டியலாக அரசிதழோடு வரும். புத்தகப் பெயர், எழுதியவர், அச்சகம், பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை, லித்தோவா லெட்டர் பிரஸ்ஸா என்பது வரைக்கும். யாராவது ராஜத் துரோகமாக ஏதும் அச்சடிக்கிறார்களா என்று பார்க்க வைத்த கண். இன்றைக்கு அதுவே ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புதையல். லண்டனில் வேலை பார்த்தபோது விடுமுறை எடுத்துக்கொண்டு பிரிட்டிஷ் நூலகத்தில் அந்தப் பட்டியல்களைப் புரட்டியிருக்கிறார் சித்தப்பா. காவியம் ஐநூறு ஆயிரம் என்று அச்சாகிற ஊரில் அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆயிரக்கணக்கில், பதிப்பு மேல் பதிப்பாக வந்திருக்கின்றனவாம்.

"அவ்வளவும் எங்கே சித்தப்பா?"

"பிள்ளைகள் படித்துவிட்டார்கள்."

ஞாயிறு, திருவல்லிக்கேணி

பாரதி சாலை நடைபாதைக் கடைகள். பைகிராப்ட்ஸ் ரோடு என்றால்தான் சித்தப்பாவுக்கு வரும். இன்ஜினியரிங் கைடும் நீட் கைடும்தான் மலை மலையாக. பழசு வேண்டும் என்றால் வெயிலில் குந்தி உட்கார்ந்து அடியிலிருந்து உருவ வேண்டும். எழுபது தாண்டிய முன்னாள் தூதர் கைலியைப் போலப் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததைப் போட்டோ எடுத்தேன். போடக்கூடாது என்று உத்தரவு.

கடைக்கார பாய் முதலில் கண்டுகொள்ளவில்லை. சித்தப்பா ஒரு கிழிந்த காமிக்ஸை எடுத்து, "இது எங்க ஊர் சரக்கு பாய்" என்றதும் பேச்சு வந்தது. முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில்தான் ஆரம்பித்தது. இரும்புக் கை மாயாவிதான் முதல் புத்தகம். பாய்க்கு அதெல்லாம் அத்துப்படி. "மாயாவி இருந்தா நான் ஏன் சார் பிளாட்பாரத்துல இருக்கேன்?" என்றார். பழைய காமிக்ஸுக்கு அப்படி ஒரு விலை. ஒரு கட்டு வாங்கினால் இரண்டு சும்மா தருவதாகச் சொன்னார். சித்தப்பா விடுவாரா? 1744-ல் லண்டனில் ஜான் நியூபெரி குழந்தைப் புத்தகம் போட்டபோது புத்தகம் மட்டும் என்றால் 6 பென்னி, பையனுக்குப் பந்தோ பெண்ணுக்கு ஊசி குத்துகிற மெத்தையோ சேர்த்து 8 பென்னி என்று விற்ற கதையைச் சொன்னார். பாய் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நான் சும்மா தரேன்னேன், அவன் ரெண்டு காசு வாங்கிட்டானே சார்" என்றார்.

அப்புறம் வந்தது அந்தக் கட்டு. வீட்டில் பைண்ட் செய்த அம்புலிமாமா, ஒரு வருஷத்து இதழ்கள். அட்டைகளைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் துளை போட்டுச் சணலால் தைத்து, வெளியே பழைய காலண்டர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். தொழில் தெரிந்த தையல் இல்லை, துளைகள் கோணல்மாணல். யாரோ ஒரு தாத்தாவோ அக்காவோ செய்தது. உள்ளே முதல் பக்கத்தில் ஒரு பள்ளி நூலகத்தின் ரப்பர் முத்திரை. பெயர் வேண்டாம். பள்ளிக்கு நன்கொடையாகப் போய், அங்கிருந்து எடைக்குப் போய், இங்கே வந்திருக்கிறது.

அம்புலிமாமாவின் கடைசியில் இரண்டு போட்டோ போட்டு, இரண்டுக்கும் பொருந்தித் தலைப்பு எழுதி அனுப்பச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கட்டில் ஒவ்வொரு இதழிலும் அந்தப் போட்டோக்களுக்குக் கீழே பென்சிலில் ஒரு பிள்ளை எழுதிப் பார்த்திருக்கிறது. எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி. ஓரிடத்தில் அழித்து அழித்துக் காகிதமே பஞ்சாகிவிட்டது. முதல் இதழ்களில் எழுத்து குண்டு குண்டாக, கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது. வருஷக் கடைசி இதழ்களில் சின்னதாகிச் சீராகிவிட்டது. டிசம்பரில் தலைப்பு எதுகை மோனையோடு வருகிறது! பரிசு கிடைத்த மாதிரித் தெரியவில்லை. கிடைத்திருந்தால் எங்காவது எழுதியிருக்குமே. விக்கிரமாதித்தன் கதைப் பக்கத்தில், ராஜா தோளில் தொங்குகிற வேதாளத்துக்கு சிவப்புப் பென்சிலில் மீசை போட்டிருக்கிறது அதே கை.

பாய் அதைத் தள்ளி வைத்தார். "இது வேணாம் சார், பசங்க கிறுக்கி வெச்சிருக்கு. சுத்தமானது அடுத்த வாரம் தரேன்."

சித்தப்பா அந்தக் கட்டை விடவில்லை. பேரம்கூடப் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஐரோப்பாவில் பழைய குழந்தைப் புத்தகக் கடைக்காரர்கள் கறையோ கிறுக்கலோ இருந்தால் விலையைக் குறைப்பார்களாம். கை படாத பிரதிக்கு யானை விலை. கை படாத பிரதியில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது சித்தப்பாவின் வழக்கு. லண்டனில் வாங்கிய பரமார்த்த குரு கதையைக் கொண்டுவந்திருக்கிறார், 1861-ல் ஆல்ஃபிரட் குரோக்வில் படம் வரைந்தது. நம் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஐந்து பேரும் அதில் வெள்ளைக்காரக் கோமாளிப் பெயர்களோடு வருகிறார்கள். வீரமாமுனிவர் தமிழில் எழுதியது, 1822-ல் பாபிங்டன் லண்டனில் தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்டது, அங்கிருந்து படப் புத்தகமாக இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குப் போனது. (இந்தப் பாபிங்டன் மதராஸில் கம்பெனி உத்தியோகம் பார்த்துவிட்டுப் போய் டாக்டராகி, தொண்டைக்குள் பார்க்கிற கண்ணாடிக் கருவியைச் செய்தவர். சித்தப்பாவுக்கு இந்த மாதிரித் தகவல்கள் ஊற்றெடுக்கும்.) அந்த விலையுயர்ந்த பிரதியில் ஒரு கீறல் இல்லை. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்க்கிற கதையை ஒரு பிள்ளையும் அந்தப் பிரதியில் படித்துச் சிரித்ததற்கு அடையாளம் இல்லை.

மாலையில் வடபழனி. அம்புலிமாமா 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் ஆரம்பித்தது, தெலுங்கில் சந்தமாமா. பல மொழிகளுக்கும் படம் ஒன்றே, எழுத்து மட்டும் மாறும். அச்சுக்காரன் கண்ணுக்கு அது அற்புதமான சிக்கனம். வேதாளத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல்தான் காலமானார். பக்கத்தில் வாகினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது மால். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

திங்கள், தங்கசாலை

சௌகார்பேட்டைக் கூட்டத்தில் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. ஆறுமுக நாவலர் 1849-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதராஸுக்கு அச்சு இயந்திரம் வாங்கத்தான் வந்தார். பிற்பாடு இந்தத் தங்கசாலைத் தெருவிலேயே அவர் அச்சகம் நடந்தது. எந்தக் கதவு எண் என்று தேடி அலையவில்லை. பாத்திரக்கடை, இனிப்புக்கடை, மின்விளக்குக் கடை என்று தெரு எப்போதோ வேறாகிவிட்டது. நாவலரின் பாலபாடம்தான் சித்தப்பாவுக்கு முக்கியம். பாதிரிமார் பள்ளிகளில் படித்து, பைபிள் மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாரோடு வேலை செய்து, அவர்கள் புத்தகம் பிள்ளை கையில் எப்படி உட்கார்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் நாவலர். வாக்கியத்தைச் சின்னதாக வெட்டி, நிறுத்தக்குறி போட்டு, சைவப் பிள்ளைகளுக்கு அதே கணக்கில் பாடம் எழுதினார். எதிராளியிடம் கற்றுக்கொண்டு எதிராளிக்கே பதில் சொல்கிற இந்த வித்தையைச் சித்தப்பா தூதரக மொழியில் வெகுவாகப் புகழ்ந்தார். எனக்கென்னவோ பாலபாடம் கொஞ்சம் கெடுபிடியான புத்தகம்தான். சிரிப்புக்கு அதில் இடமே இல்லை. இதைச் சொன்னதற்கு நடைபாதையிலேயே திட்டு வாங்கினேன்.

பார்க் டவுன் பக்கம் திரும்பினால் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். அதை வளர்த்த ஜான் மர்டாக் 1865-லேயே அதுவரை அச்சான தமிழ்ப் புத்தகங்களை வகை பிரித்துப் பட்டியல் போட்டவர். 1904-ல் இங்கேயே இறந்தார். அவர் பட்டியல் இல்லாவிட்டால் பல பள்ளிப் புத்தகங்கள் இருந்தன என்பதே நமக்குத் தெரியாது.

அப்படியே சென்ட்ரல். பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் 1985 மே 30-ல் எரிந்தது. புறநகர் ரயில் நிலையம் நிற்கிற இடம்தான் அது. மாஸ்கோவிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சித்தப்பா அங்கே போவாராம். மாஸ்கோவில் உட்கார்ந்து தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணய்யா போன்றவர்களின் புத்தகங்கள் அங்கேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக நம் ஊர்த் திடல்களுக்கு வேனில் வந்தன. நானே எங்கள் ஊரில் அந்த வேனில் வாங்கியிருக்கிறேன். கெட்டி அட்டை, தையல் பைண்டிங், நாலு கலர், விலையோ பஸ் டிக்கெட் அளவு. இன்றைக்கு அந்தத் தரத்துக்குக் கொட்டேஷன் கேட்டால் மயக்கம் வரும். 1991-க்குப் பிறகு வேன் வரவில்லை. மாடியில் அவற்றுக்கென்று ஒரு தனி அலமாரி இருக்கிறது, அதில் சில என்னிடமிருந்து களவு போனவை.

செவ்வாய், கோட்டூர்புரம்

அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு மணி நேரம். செயற்கை மரத்தடியில் பிள்ளைகள் புத்தகத்தை விரித்துப்போட்டுக் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒரு பையன் பக்கத்தை எச்சில் தொட்டுத் திருப்பினான்; அவன் அம்மா அடித்தாள்; சித்தப்பா அம்மாவைச் சமாதானப்படுத்தப் போய் இருவரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

முடிவு என்று ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். வந்ததிலிருந்து சில இடங்களில் பேசினோம். பெயர் சொல்லவில்லை, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. எல்லாரும் சொன்னது ஒன்றே: முதலில் பட்டியல் அனுப்புங்கள். தமிழ்ப் புத்தகங்கள் சென்னைக்கு என்பதில் சித்தப்பாவுக்கு மறுபேச்சில்லை. மற்ற மொழிப் புத்தகங்களும் கூடவே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். பரமார்த்த குருவின் தமிழ்ப் பிரதியையும் லண்டன் பிரதியையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க முடிகிற ஓர் அறை நம் ஊரில் இருக்க வேண்டுமாம். தரமணியில் ஜப்பானியப் புத்தகத்தை யார் சித்தப்பா படிப்பார்கள் என்றேன். "நீ படித்தாயே, விரலால்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வாடகை, ஏசி, பூச்சி மருந்து எல்லாம் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அவரிடமும் இல்லை.

பட்டியல் என் தலையில் விழுந்திருக்கிறது. லேப்டாப்பில் பத்திகள் போட்டுவிட்டேன்: தலைப்பு, எழுதியவர், ஆண்டு, அச்சகம், அளவு, பக்கம், விலை, பைண்டிங். ஏறக்குறைய 1867-ம் வருஷத்துச் சட்டப்படிதான். சித்தப்பா பார்த்துவிட்டு 'கிறுக்கல்' என்று இன்னொரு பத்தி போடச் சொன்னார். எந்தப் பக்கம், பென்சிலா பேனாவா, என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் பதிய வேண்டுமாம். நூலகங்களின் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது சித்தப்பா, 'நிலை: சேதம்' என்றுதான் போடுவார்கள் என்றேன். பெரிய வாக்குவாதம். கடைசியில் பத்தி சேர்ந்தது. திருவல்லிக்கேணிக் கட்டுக்கு மட்டும் அந்தக் கட்டத்தை நிரப்ப இன்று மத்தியானம் முழுக்கப் போய்விட்டது, இன்னும் செப்டம்பர் இதழைத் தாண்டவில்லை.

ராத்திரி பொதிகை. பெட்டி வந்ததைவிடக் கனம். சித்திக்கு இன்னும் சொல்லவில்லை.